மேலே மூடிய புண்

கார்த்திகை மாதம் அப்பாவின் வலது கால் கட்டைவிரலில் வேலிகாத்தான் முள் ஏறியது. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எங்கள் கழனி. வரப்பெல்லாம் அந்த முள்தான். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அதில் பாதம் மரத்துப்போனதால் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் செருப்பில் ஈரத்தைப் பார்த்து அம்மாதான் காலைத் திருப்பிப் பார்த்தார்.

ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். மஞ்சள் அரைத்துப் பூசினோம், மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கினோம். பத்து நாளில் பக்குக் கட்டியது. "வலியே இல்லடா, ஆறிப்போச்சு" என்றார். வலி இல்லாததை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பெரிய தவறு அதுதான்.

பக்கு உதிரும், துளி சீழ் வரும், மறுபடி மூடும். தை பிறந்தபோது விரல் முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மழுங்கிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெல்ல விட்டார். "கெட்டியா தட்டுது பெரியவரே, எலும்பு வரைக்கும் போயிருக்கு" என்றார். பழைய எக்ஸ்ரேயைக் காட்டினேன். எலும்பு அரிப்பு படத்தில் தெரியவே இரண்டு, மூன்று வாரம் ஆகுமாம். புதுப் படத்தில் விரல்நுனி எலும்பின் ஓரம் கறையான் அரித்தது போல இருந்தது.

சதையில் சீழ் கட்டினால் வீங்க இடமுண்டு. எலும்புக்குள் அந்த இடம் கிடையாது. சீழ் சேரச் சேர உள்ளே ரத்தக்குழாய்கள் நெரிபட்டு, ரத்தம் போகாத துண்டு செத்துவிடும். மருந்து ரத்தத்தோடுதானே போக வேண்டும்? செத்த எலும்பில் ஒண்டிய கிருமியை அது எட்டாது. பெரும்பாலும் அந்தக் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய தோலிலும் மூக்கிலும் சும்மா இருப்பது.

அரித்த எலும்பை எடுத்தார்கள். அந்தத் துண்டையே சோதனைக்கு அனுப்பி எந்த மருந்து கேட்கும் என்று பார்த்தார்கள். மேலே வழியும் சீழைத் துடைத்துச் சோதிப்பதைவிட அது நம்பகமானது. ஆறு வாரம் மருந்து. நான்காம் வாரம் புண் மூடியதும் "நிறுத்திடலாம்டா" என்றார் அப்பா. நான் விடவில்லை.

வலி தெரியாத காலுக்கு என்ன ஆகும் என்பதைத் தொழுநோயிலும் பார்க்கலாம். அந்த நோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை. உணர்ச்சியற்ற விரலில் காயமும் கிருமியும் எலும்பை அரிப்பதால்தான் குட்டையாகின்றன என்று 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். சர்க்கரைக்காரர் பாதத்தின் கதையும் அதுவே. தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் அப்பா இப்போது கழனிக்கும் போடுகிறார். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார். கால் ஆணியை பிளேடால் சீவுவதில்லை, வெந்நீரில் காலை ஊறவைப்பதில்லை. புண் இருக்கும்வரை அந்தக் காலை ஊன்றாமல் இருப்பதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நடவு நேரத்தில் யார் கேட்பார்கள்? ஆனால் ஊன்றி நடந்தால் புண் ஆறாது.

சர்க்கரை உள்ளவர் பாதத்தில் புண் வந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். ஆறி ஆறித் திறந்தால், "எலும்பைத் தொட்டிருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், இன்று இரவே டார்ச் அடித்து அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கையும் குதிகாலையும் விட்டுவிடாதீர்கள்.