கதவைத் திறக்க ஆள் இருக்கிறாரா?

வீடு வாடகைக்கு விடும்போது சிரித்துப் பேசிய ஓனர், "ஜிஎஸ்டி எடுக்கணும் சார், ஒரு என்ஓசி கையெழுத்து மட்டும் வேணும்" என்று கேட்டதும் சுருதி மாறிவிடுவார். ஈபி கனெக்‌ஷனைக் கமர்ஷியலாக மாற்றிவிடுவார்கள், வீட்டு வரியைக் கூட்டிவிடுவார்கள், நாளைக்கு நீங்கள் வரி கட்டாவிட்டால் என் வீட்டை ஜப்தி செய்ய வந்துவிடுவார்கள் என்று வரிசையாகக் காரணம் சொல்வார். குடியிருப்பவர் வைத்த வரி பாக்கிக்காக ஓனர் வீட்டில் யாரும் கை வைக்கப்போவதில்லை என்று ஆடிட்டர் எடுத்துச் சொன்னாலும் பயம் போகாது. மற்ற இரண்டையும் வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பலர் விர்ச்சுவல் ஆபீஸ் விசாரிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கிண்டியிலோ அண்ணா சாலையிலோ பீளமேட்டிலோ ஒரு கோ-வொர்க்கிங் கட்டடம். மேசை, நாற்காலி எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அதன் முகவரியை மட்டும் பயன்படுத்த மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் அளவில் கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கும் சேர்த்து முன்பணமாக. ஒப்பந்தம், என்ஓசி, ஈபி பில் நகல் மூன்றும் மெயிலில் வந்துவிடும். தபால் வந்தால் ஸ்கேன் செய்து அனுப்புவோம் என்றும் சொல்வார்கள். இந்தக் கடைசி வாக்குறுதியைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மடிப்பாக்கத்தில் குழந்தைகள் உடை தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒரு பெண்மணிக்கு ஓனர் தொல்லை கிடையாது, சொந்த வீடு. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்தது. சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால், விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தொடாவிட்டாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வீட்டு முகவரியிலேயே எடுத்தார். விற்பவரின் முகவரி இன்வாய்ஸில் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஜிஎஸ்டி தளத்தில் நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, சைஸ் பொருந்தாத ஃபிராக்கையும் இன்வாய்ஸையும் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் காலிங் பெல்லை அழுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார், மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும். அடுத்த வாரமே அவர் வேறு முகவரி தேடத் தொடங்கினார். "பிரைம் லொகேஷன், பிரஸ்டீஜ்" என்று விளம்பரங்கள் அடித்துக்கொள்ளும் ஜம்பத்தைவிட இந்தக் காரணம் எவ்வளவோ நியாயமானது.

ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு வீட்டை மறைக்க முடியவில்லை. துணியும் தைத்த உடைகளும் வீட்டில்தான் இருக்கின்றன. சரக்கு வைக்கும் இடமும் சட்டத்தின் பார்வையில் தொழில் நடக்கும் இடமே. எனவே விர்ச்சுவல் ஆபீஸை முதன்மை இடமாகவும் வீட்டைக் கூடுதல் இடமாகவும் காட்டச் சொன்னார் ஆடிட்டர். இன்வாய்ஸில் அச்சாகும் முகவரி மாறியது. துறையின் பதிவேட்டில் வீடு இருக்கத்தான் செய்கிறது. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்லவே மாட்டார்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 12ஆவது பிரிவு, கம்பெனி பதிவான 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே அனுப்பப்படும் கடிதங்களையும் நோட்டீஸ்களையும் வாங்கி, வாங்கியதற்கு ஒப்புகை தரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை சதுர அடி, எத்தனை நாற்காலி என்ற பேச்சே இல்லை. ஜிஎஸ்டியிலும் ஒரே கோ-வொர்க்கிங் கட்டடத்தில் பல நிறுவனங்கள் தனித்தனிப் பதிவு பெறலாம் என்று, ஒப்பந்தம் அதற்கு இடம் தரும் பட்சத்தில், கேரளத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆக, தடை இல்லை. சட்டம் கேட்பது கடிதம் வாங்கும் ஓர் ஆளை. விற்பனைக்கு வருவதோ பெரும்பாலும் மூன்று காகிதங்கள். சிக்கலெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

அதிகாரிகள் முகவரி என்றதும் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. போலி ஜிஎஸ்டி பதிவுகளைப் பிடிக்க 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுக்க ஒரு சோதனை நடந்தது. கொடுத்த முகவரியில் இல்லாதவை என்று 21,791 பதிவுகள் சிக்கின. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16-இல் இரண்டாவது சுற்று. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் நகரத்து 1209, நார்த் ஆரஞ்சு ஸ்ட்ரீட் என்ற சாதாரணக் கட்டடத்தில் 2.85 லட்சம் நிறுவனங்கள் பதிவாகியிருப்பதாக 2012-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிரிட்டன் 2024 மார்ச் 4 முதல் கம்பெனிகள் தபால் பெட்டி எண்ணைப் பதிவு முகவரியாகத் தர முடியாதபடி செய்துவிட்டது. ஆள் வாங்கிக்கொள்ளும் முகவரிதான் வேண்டும் என்று அங்கேயும் கேட்கிறார்கள்.

இப்படிப்பட்ட சூழலில் ஒரு ஆய்வு எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். கிண்டிப் பக்கம் ஒரு விர்ச்சுவல் ஆபீஸ். மதியம் இரண்டேகால் மணி. லிஃப்டில் ஏறி வந்த ஜிஎஸ்டி அதிகாரி ரிசப்ஷனில் பதிவில் உள்ள பெயரைச் சொல்கிறார். பழைய ரிசப்ஷனிஸ்ட் சாப்பிடப் போயிருக்கிறார். உட்கார்ந்திருப்பது போன வாரம் சேர்ந்த பையன். கம்ப்யூட்டரில் தேடுகிறான். பெயர் பிராண்ட் பெயராக ஏறியிருக்கிறது, அதிகாரி கேட்பதோ உரிமையாளரின் பெயரில் உள்ள பதிவை. "அப்படி யாரும் இங்க இல்லையே சார்." அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆய்வறிக்கை போட்டோக்களோடு 15 வேலை நாட்களுக்குள் தளத்தில் ஏறிவிடும். அதன்பின் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ். பதில் சொல்ல 7 வேலை நாள். இடையில் பதிவு நிறுத்திவைக்கப்பட்டால் வரி போட்டு ஒரு பில்கூட அடிக்க முடியாது. அந்தத் தொழில்முனைவர் கடைசியில் ஒப்பந்தத்தையும் கட்டடத்தின் உள்ளே எடுத்த போட்டோக்களையும் காட்டி மீண்டுவிட்டார். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பில் போடாமல் உட்கார்ந்திருந்தது யார் கணக்கில் சேரும்?

கம்பெனிகளுக்கும் இதே கதை. தொழில் நடக்கவில்லை என்று சந்தேகம் வந்தால் பதிவாளர் நேரில் வந்து பார்க்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. எப்படிப் பார்க்க வேண்டும் என்ற விதி 2022 ஆகஸ்டில் வந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் போலீஸ் துணையோடு, போட்டோவும் எடுப்பார்கள்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, சொல்லாமல் கொள்ளாமல் அந்த இடத்துக்குப் போய் நிற்பது. அதுவும் சாப்பாட்டு நேரத்தில். அங்கே ஏற்கெனவே போர்டு மாட்டியிருக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அவங்களுக்கு ஒரு கவர் கொடுக்கணும்" என்று ரிசப்ஷனில் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டை எடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கினால் சரியான இடம். "டேபிள் மேல வெச்சுட்டுப் போங்க" என்றால் மெதுவாகத் திரும்பிவிடலாம். இணையத்தில் உள்ள ஐந்து நட்சத்திர விமர்சனங்களை எல்லாம் இந்த ஒரு நிமிடம் தோற்கடித்துவிடும்.

காகிதங்களில் சென்னைக்கே உரிய தலைவலி கதவு எண். பல தெருக்களில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாகப் புழங்குகின்றன. ஈபி பில்லில் பழைய எண் 14, வீட்டு வரி ரசீதில் புதிய எண் 31, ஒப்பந்தத்தில் இரண்டில் ஒன்று மட்டும் என்றால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் விளக்கம் கேட்கத்தான் செய்வார். ஒப்பந்தத்திலேயே "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டையும், மாடி, ஃபிளாட் எண்ணோடு எழுதச் சொல்வது உத்தமம். கம்பெனிப் பதிவுக்குத் தரும் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் ஊரில் ரீடிங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, விர்ச்சுவல் ஆபீஸ் நடத்துபவரே பெரும்பாலும் வாடகைக்காரர். கட்டட ஓனரிடம் தளத்தைக் குத்தகைக்கு எடுத்து நூறு பேருக்கு உள்வாடகை விடுகிறார். உள்வாடகை விட அவருக்கு உரிமை உண்டு என்று மூல ஒப்பந்தத்தில் இருக்கிறதா, இல்லை ஓனர் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். காட்டத் தயங்கினால் அதுவே பதில். மறுபக்கம், அதிகாரிகள் கண்டதையெல்லாம் கேட்பதற்கும் கடிவாளம் வந்திருக்கிறது. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, வாடகை இடத்துக்கு ஒப்பந்தத்தோடு ஈபி பில், வீட்டு வரி ரசீது போன்ற ஏதாவது ஒரு சொத்து ஆவணம் போதும். ஓனரின் பான் கார்டைக் கொண்டு வா, கடைக்குள்ளே நின்று போட்டோ எடுத்து அனுப்பு என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருந்தால் மட்டும் ஓனரின் அடையாளச் சான்று கூடுதலாக வேண்டும். விண்ணப்பம் தேவையில்லாத கேள்வியோடு திரும்பி வந்தால், அந்த அறிவுறுத்தலைக் குறிப்பிட்டே பதில் எழுதலாம்.

எல்லாத் தொழிலுக்கும் இது ஒத்துவராது. ஊறுகாயோ மசாலாப் பொடியோ செய்பவர், உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பொருள் உண்மையில் தயாராகும் அடுப்படியின் முகவரிக்குத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடிக் கட்டட முகவரி அங்கே செல்லாது. பாக்கெட்டின் மேல் தயாரிப்பவர் அல்லது பேக் செய்பவரின் முகவரியும் வர வேண்டும். கன்சல்டிங், டிசைன், மென்பொருள் என்று லேப்டாப்பிலேயே முடியும் தொழில்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அதற்கடுத்து, திருப்பூரிலிருந்து ஆன்லைன் தளங்கள் மூலம் பனியன் விற்கும் ஆட்களுக்கு. சரக்கைக் கர்நாடகத்திலோ ஹரியானாவிலோ உள்ள தளத்தின் கிடங்கில் வைத்தால் அந்த மாநிலத்திலும் ஜிஎஸ்டி எடுக்க வேண்டும். கிடங்கு கூடுதல் இடம், முதன்மை இடத்துக்கு அங்கே ஒரு முகவரி தேவை. அதற்காகத் தனி ஆபீஸ் பிடித்தால் கட்டுப்படியாகாது.

போர்டு விஷயத்தில் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். கம்பெனியின் பெயரும் முகவரியும் அலுவலகத்துக்கு வெளியே தெரிய வேண்டும். அந்த வட்டார மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம். தமிழில் பெயர்ப் பலகை வைக்கச் சொல்வது மாநில அரசு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படிக்கலாம். ஜிஎஸ்டி சான்றிதழை முதன்மை இடத்தில் மாட்டிவைப்பதும், நுழைவாயில் பலகையில் ஜிஎஸ்டி எண் இருப்பதும் தனி விதி. விர்ச்சுவல் ஆபீஸில் இதற்காக ஒரு சுவரையே ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் போர்டு அதில் ஏறியதா என்று போய்ப் பார்த்து, தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது கிண்டி ஆசாமிக்கு உதவியதைப்போல உதவும்.

தபாலுக்கு வருவோம். வரித்துறை நோட்டீஸ்கள் இப்போது மெயிலிலும் தளத்திலும் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்க்காமல் விடுபவரை எந்த முகவரியும் காப்பாற்றாது. ஆபத்து வக்கீல் நோட்டீஸில்தான். நீங்கள் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு வக்கீல் பதிவு முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புகிறார். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டினால் கிரிமினல் வழக்கு இல்லை. சரியான முகவரிக்கு முறைப்படி தபாலில் அனுப்பிவிட்டால், கிடைத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "ரிசப்ஷனில் யாரோ வாங்கி டிராயரில் வைத்துவிட்டார்கள்" என்று கோர்ட்டில் சொல்வது சுலபமல்ல. அதனால் எத்தனை மணி நேரத்துக்குள் ஸ்கேன் அனுப்புவார்கள், யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார், ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் தபால்களை எத்தனை மாதம் தருவார்கள் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அவ்வப்போது உங்களுக்கு நீங்களே ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்பிப் பார்ப்பதிலும் தப்பில்லை.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகங்கள் இரண்டு: சென்னை, கோவை. சென்னை முகவரி என்றால் எடுப்பாக இருக்கும் என்று கோவைக்காரர் அங்கே கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு, பிற்பாடு சொந்த ஊருக்கு மாற்ற நினைத்தால், அது ஒரே ஊருக்குள் தெரு மாறுவதுபோல் 30 நாட்களுக்குள் ஒரு படிவத்தோடு முடியாது. ஒரு பதிவாளரின் எல்லையிலிருந்து இன்னொருவரின் எல்லைக்குப் போக மண்டல இயக்குநரின் அனுமதி வாங்க வேண்டும். விளம்பரம், ஆடிட்டர் கட்டணம் என்று செலவு ஏறும். வேறு மாநிலம் என்றால் கம்பெனியின் அமைப்பு விதிகளையே திருத்த வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டியில் முகவரி மாறினால் 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முதன்மை இடத்தை மாற்ற அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால். ஒன்பதாவது மாதத்திலேயே புதுப்பிப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்று முடிவெடுத்துவிட்டால், புதிய முகவரிக்கு ஒப்புதல் வரும்வரை பழைய இடத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கலாம்; இரண்டு பக்கமும் கட்டும் அந்த ஒன்றிரண்டு மாதப் பணத்தை ஆரம்பத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.