பீரோவில் பழைய ரைஃபிள் இருக்கா?

எங்க ராயப்பேட்டை வீட்டில் மாமனார் காலத்து .315 ரைஃபிள் ஒண்ணு இருக்கு. பட்டாளத்து த்ரீ நாட் த்ரீக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. அதே என்ஃபீல்டு போல்ட் அமைப்பு, இஷாப்பூர் ஃபாக்டரியில் செய்தது. அண்ணன் தடை செய்த ரகம், தம்பிக்கு லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் வீட்டுக்காரர் பேரில் என்பதால் ரைஃபிளைத் தொடுவது அவர், துணி கிழிப்பது நான்.

1. முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா அறையை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நேற்றுதான் பார்த்தேன் என்றாலும் விடாதீங்க.

2. குழல் துடைக்கத் தனித் துணி வாங்க வேண்டாம், நைந்த வேட்டி போதும். போல்ட்டை உருவிவிட்டால் பின்பக்கமிருந்தே கம்பியை விடலாம், குழல் வாய் தேயாது.

3. பழைய ரகத் தோட்டா சுட்டால் குழலுக்குள் உப்பு படியும். எண்ணெய்க்கு உப்பு கரையாதே! கொதிக்கிற தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றி, சூடு ஆறுவதற்குள் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் எண்ணெய்.

4. அந்த எண்ணெய் தையல் மிஷின் எண்ணெயாக இருக்கட்டும், இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தால் பளபளக்கும்.

5. மெரினா காற்று நமக்குச் சுகம், இரும்புக்கு எமன். கான்வாஸ் உறையில் போட்டு வைத்தால் உறை ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து பீரோவில் போடுங்க. தோட்டா வேறு இடத்தில், சாவி வேறு இடத்தில்.

6. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கணும். கொடுக்கும் முன் நன்றாக எண்ணெய் பூசுங்க. ஒருமுறை நாங்க சோம்பியதில் குழல் மஞ்சள் பூத்துத் திரும்பியது. ரசீதை ரேஷன் கார்டு உறையிலேயே செருகிடுங்க.

7. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், ஆளுக்கு 2 துப்பாக்கிதான். கல்யாணத்தில் ஆகாசத்தைப் பார்த்துச் சுட்டால் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. அதுக்கு ஆயிரம்வாலா மலிவு.

8. பெரியவருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். பின்னால் சான்றிதழுக்கு அலைவது மிச்சம்.

9. பார்க்க மட்டும் ஆசையா? எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021-ல் திறந்த போலீஸ் மியூசியத்துக்குப் பிள்ளைகளோடு போங்க. அங்கே எண்ணெய் போடுற வேலை அவங்களோடது.