வெளி ரெப்போவைச் சேர்க்கும் முன்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். ஒரே ஒரு சர்வர் என்றால் இதில் பாதி தேவைப்படாது. இருநூறு என்றால் எல்லாமே தேவைப்படும்.

1. டெவலப்பர் ஒருவர் வந்து, "இந்த மூணு வரியை ஓட்டுங்க, டாக்கர் வந்துடும்" என்பார். வரும். அந்த மூன்றில் ஒன்று ரெப்போவைச் சேர்க்கிற வரி. ஒரு பேக்கேஜை மட்டும் இறக்கி நிறுவுவது வந்தவருக்கு ஒருவேளைச் சோறு போடுவது. ரெப்போவைச் சேர்ப்பது வீட்டுச் சாவியையே கையில் கொடுத்தனுப்புவது. இனி ஒவ்வொரு அப்டேட்டிலும் அவர்கள் அனுப்புகிற நிறுவல் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு ஓடும். ஆகவே, சேர்த்தே ஆகவேண்டுமா என்று முதலில் கேளுங்கள். "டெபியனில் இருப்பது பழைய வெர்ஷன்" என்பது மட்டும் காரணமாகாது. டெபியனும் ரெட் ஹேட்டும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய வெர்ஷனுக்குள்ளேயே புகுத்தித் தருகிறார்கள். வெர்ஷன் எண்ணைப் பார்த்து ஆடிட்டர் மிரட்டினால் பேக்கேஜின் சேஞ்ச்லாகைத் திறந்து காட்டுங்கள்.

2. நடத்துகிறவர் யார் என்று விசாரியுங்கள். ஈபெல் ரெப்போ ஃபெடோரா திட்டத்தின் கீழ் வருவது; ரெட் ஹேட்டின் அடிப்படை பேக்கேஜ்களை மாற்றக்கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. உபுண்டுவின் பிபிஏ அப்படியல்ல, லாஞ்ச்பேடில் கணக்கு வைத்திருக்கும் எவரும் ஒன்று தொடங்கலாம். நல்லவர் நடத்தினாலும் முகவரி கைமாறலாம். டெபியன்-மல்டிமீடியா.ஆர்க் என்ற டொமைனின் பதிவு காலாவதியாகி, முகம் தெரியாத யாரோ அதை வாங்கிவிட்டார்கள். 2013 ஜூனில் டெபியனே அறிக்கை விட்டு, உங்கள் சோர்சஸ் ஃபைலிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ரெப்போவை நடத்தியவர்கள் அதற்கு முன்பே வேறு பெயருக்கு மாறியிருந்தார்கள். பழைய வரியோ பல மெஷின்களில் அப்படியே கிடந்தது.

3. 'ஜிபிஜிசெக்=0', 'டிரஸ்டட்=யெஸ்' என்று யார் எழுதிக் கொடுத்தாலும் போடாதீர்கள். பேச்சே வேண்டாம்.

4. ஆப்ட்-கீ கட்டளையை மறந்துவிடுங்கள். அதில் சேர்த்த கீ எல்லா ரெப்போக்களுக்கும் செல்லும். ஏதோ ஒரு சின்ன டூலுக்காகச் சேர்த்த கீயால் கெர்னல் பேக்கேஜுக்கும் கையொப்பமிடலாம். கீயைத் தனி ஃபைலாக வைத்து, 'சைண்ட்-பை' மூலம் அந்த ரெப்போவோடு மட்டும் கட்டுங்கள். இது பாதி வேலைதான். அந்த ரெப்போ எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பேக்கேஜ் தரலாம் என்பது மாறவில்லை.

5. மீதிப் பாதி முன்னுரிமை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். ஆப்ட்டில் பொதுவாக ஒரு ரெப்போவுக்கு இயல்பான மதிப்பு 500. மதிப்பு சமமாக இருந்தால் வெர்ஷன் பெரியது வெல்லும். என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு தருகிற பேக்கேஜ் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற யூசரில் ஓடும், 'சைட்ஸ்-எனேபிள்டு' ஃபோல்டரைப் படிக்கும். என்ஜின்எக்ஸ் திட்டமே தருகிற பேக்கேஜ் 'என்ஜின்எக்ஸ்' என்ற யூசரில் ஓடும், 'கான்ஃப்.டி' மட்டும்தான் படிக்கும். பெயர் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. எது வரப்போகிறது என்பதை 'ஆப்ட்-கேஷ் பாலிசி என்ஜின்எக்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். 'கேண்டிடேட்' என்ற வரியில் இருப்பதுதான் அடுத்த அப்கிரேடில் இறங்கும். வெளி ரெப்போ முழுவதற்கும் 100 என்று 'பின்' (முன்னுரிமை விதி) போட்டுவிட்டு, வேண்டிய பேக்கேஜுக்கு மட்டும் உயர்த்துங்கள். டிஎன்எஃப்பில் கணக்கு தலைகீழ்: இயல்பு 99, எண் குறைந்தால்தான் முன்னுரிமை. இரண்டு வகை சர்வரும் இருக்கிற ஆபீஸில் இதை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. டிஎன்எஃப்பில் 'இன்க்ளூட்பேக்கேஜஸ்' வரி இன்னும் நேரடி. அதில் பெயர் இல்லாத எதுவும் அந்த ரெப்போவிலிருந்து வராது.

6. சர்வர்கள் வெளி ரெப்போவுக்கு நேராகப் போகக்கூடாது. உங்கள் ஆபீஸுக்குள் ஒரு மிர்ரர் வையுங்கள்: டெபியன் பக்கம் ஆப்ட்லி, ரெட் ஹேட் பக்கம் பல்ப் அல்லது கட்டெல்லோ. நேராகப் போனால் காலையில் அப்டேட் ஆன சர்வரும் மாலையில் ஆனதும் வேறு வேறு வெர்ஷனில் நிற்கும். பிழை ஒன்றில் வரும், இன்னொன்றில் வராது. மிர்ரரில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதே ஸ்னாப்ஷாட்டை முதலில் டெஸ்ட் சர்வர்களுக்கும் ஒரு வாரம் கழித்து புரொடக்‌ஷனுக்கும் காட்டுங்கள். பல ரெப்போக்கள் புதியது வந்ததும் பழையதை அழித்துவிடும். நாளைக்குப் பின்வாங்க வேண்டுமென்றால் பழைய பேக்கேஜ் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் செலவைக் கணக்குப் பார்க்கிற மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள்.

7. ரெப்போ ஃபைலைக் கையால் எழுதாதீர்கள். ஆன்சிபிளோ பப்பெட்டோ எழுதட்டும். அந்த வரிக்கு மேலே, கேட்டவர் பெயரும் காரணமும் கமெண்டாக இருக்கட்டும்.

8. கீ காலாவதியானால் சத்தம் வராது. 'ஆப்ட் அப்டேட்' ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, பழைய இண்டெக்ஸையே வைத்துக்கொண்டு வெற்றி என்று முடிந்துவிடும். ராத்திரி கிரானில் வரும் எச்சரிக்கையை யார் படிக்கப்போகிறார்கள்? எக்ஸிட் கோட் எண்ணை மட்டும் நம்பாமல், இண்டெக்ஸின் வயதைக் கண்காணியுங்கள்.

9. ரெப்போவுக்கும் ஆயுள் உண்டு. பேக்கேஜ் சேவையான பின்ட்ரே 2021 மே 1-இல் மூடியது. குபர்னெட்டிஸின் பழைய ரெப்போ 2023 செப்டம்பரில் உறைந்தது. புதியதில் ஒவ்வொரு மைனர் வெர்ஷனுக்கும் தனி முகவரி, அதனால் 1.28-இலிருந்து 1.29-க்குப் போக முகவரியையே மாற்றவேண்டும். சென்ட்ஓஎஸ் 7 2024 ஜூன் 30-இல் முடிந்ததும் அதன் மிர்ரர்லிஸ்ட்டும் போய்விட்டது, பழைய பில்டுகள் வரிசையாக விழுந்தன. உள் மிர்ரர் வைத்திருந்தவர்களுக்கு இடம்பெயர அவகாசம் கிடைத்தது.

10. எடுக்கும்போதும் கவனம். ஃபைலை அழித்தால் ரெப்போ போகும், அதிலிருந்து வந்த பேக்கேஜ் போகாது. அப்டேட்டே வராமல் அது பல வருடம் ஓடிக்கொண்டிருக்கும். 'டிஎன்எஃப் லிஸ்ட் --எக்ஸ்ட்ராஸ்' அப்படி அநாதையாய் நிற்பவற்றைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் மாற்று எங்கிருந்து வரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சாதாரண டூல்களை 'டிஸ்ட்ரோ-சிங்க்' கீழே இறக்கிவிடும். ஆப்ட்டில் இறக்க 1000 அல்லது அதற்கு மேல் 'பின்' போடவேண்டும். டேட்டாபேஸிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்: மரியாடிபி ஒரு மேஜர் வெர்ஷன் ஏறிவிட்டால் அதே டேட்டா ஃபோல்டரோடு இறங்குவதை ஆதரிப்பதில்லை. டம்ப் எடுத்து, வேறு சர்வரில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு ஃபைலில் கை வையுங்கள்.