புத்தகத்துக்கும் முகவரி வேண்டும்

முகவரி எழுதாத கடிதம் என்ன ஆகும்? யாரிடமும் போய்ச் சேராது. புத்தகமும் அப்படித்தான். நூலகத்தில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாத புத்தகம் வாசகர் கைக்கு வருவது கடினம்.

மேல்கோட்டை ஒரு மலை ஊர். கர்நாடகத்தில், மைசூருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மலை உச்சியில் யோக நரசிம்மர் கோயில் இருக்கிறது. இந்த ஊருக்குப் பல பெயர்கள் உண்டு. கன்னடத்தில் மேலுகோட்டே என்பார்கள். தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்பார்கள். யாதவகிரி என்றும் ஒரு பெயர் உண்டு.

ஒரு பெண் நூலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் படிக்கக் கற்றவர். "மேல்கோட்டை பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்கிறார். பட்டியலில் தேடுகிறார்கள். இல்லை. அவர் வெறும் கையோடு திரும்புகிறார். ஆனால் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. "திருநாராயணபுரம்" என்ற பெயரில் மட்டும் பதிந்திருக்கிறார்கள்!

இதற்கு வழி என்ன? "மேல்கோட்டை - திருநாராயணபுரம் என்பதைக் காண்க" என்று இன்னோர் அட்டை எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு வரி புத்தகத்தை அவரிடம் சேர்த்துவிடும்.

பட்டியலில் என்ன இருக்கும்? நூலின் பெயர், ஆசிரியர் பெயர், எதைப் பற்றிய நூல், வெளிவந்த ஆண்டு ஆகியவை இருக்கும். நூலுக்கு உரிய எண்ணும் இருக்கும். அந்த எண்தான் முகவரி. எந்த அலமாரியில் தேட வேண்டும் என்று அது சொல்லும். முன்பு இவற்றை அட்டைகளில் எழுதினார்கள். இன்று பல நூலகங்களில் கணினியில் பதிகிறார்கள். அட்டை மாறினாலும் வேலை ஒன்றுதான். தவறாகப் பதிந்தால் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஓலைச் சுவடிகளில் இந்த வேலை இன்னும் கடினம். சுவடிக்கு அச்சுப் புத்தகம் போல முகப்பு அட்டை கிடையாது. பெயர் பெரும்பாலும் கடைசி ஏட்டில்தான் இருக்கும். ஒரே கட்டில் இரண்டு மூன்று நூல்கள் இருப்பதும் உண்டு. முதல் நூலை மட்டும் பட்டியலில் எழுதினால் மற்றவை மறைந்து போகும். மேல்கோட்டையில் உள்ள சம்ஸ்கிருத ஆய்வு நிறுவனத்திலும் ஓலைச் சுவடிகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

மைசூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 1891இல் கீழைக்கலை நூலகம் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அதற்கு ஒரு சுவடி கொடுத்தார். அது கிரந்த எழுத்தில் இருந்தது. நூலகர் ஆர். சாமசாஸ்திரி அதைப் படித்துப் பார்த்தார். அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்! அழிந்துபோனது என்று பலரும் எண்ணியிருந்த நூல் அது. 1905இல் உலகம் அதை அறிந்தது. 1909இல் அவர் அதை அச்சிட்டார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. இன்ன நூல் என்று ஒருவர் படித்துச் சொன்னதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

சீர்காழியில் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கு உரிய வாசகர் வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. இவை அவற்றில் மூன்று. நல்ல பட்டியல் இந்த மூன்றையும் செய்கிறது.

ஆகவே, "இல்லை" என்ற பதிலைக் கேட்டதும் திரும்பிவிடாதீர்கள். வேறு பெயரில் தேடச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லுங்கள். எதைப் பற்றிய நூல் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் பாருங்கள். எடுத்த புத்தகத்தை வேறு இடத்தில் செருகாதீர்கள். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான்.

யோசியுங்கள், செய்யுங்கள்

1. மேல்கோட்டையின் வேறு பெயர்கள் எவை?
2. உங்கள் ஊருக்கு வேறு பெயர் உண்டா? எழுதுங்கள்.
3. உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுங்கள். அதன் பெயர், ஆசிரியர், எண் ஆகியவற்றை எழுதுங்கள். பட்டியலிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.