'லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?'

போன செமஸ்டர்ல ப்ராஜெக்ட்டுக்கு மோட்டார், சென்சார் எல்லாம் வாங்கக் கையில காசு இல்ல. மாமா கொடுத்த நிக்கான் டி7000 கேமராவையும், அதோட வச்சிருந்த 50 எம்.எம். எஃப் 1.8டி லென்ஸையும் ஆன்லைன்ல தனித்தனியா விற்பனைக்குப் போட்டேன். கேமரா ரெண்டே நாள்ல போயிடுச்சு. லென்ஸ்தான் என்னைப் படுத்தி எடுத்தது. கிடாரோ கீபோர்டோ ட்ரோனோ, பொழுதுபோக்குக்கு வாங்கின எதையாவது விற்கப்போற ஜூனியர்களுக்காக இதை எழுதுறேன்.

விளம்பரம் போட்டு அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, 'லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?' வந்துடும். பொருளைப் பார்க்கறதுக்கு முன்னாடியே கடைசி விலை வேணும். நானும் அப்பாவியா, 5,500 போட்டதை 5,000-க்குத் தர்றேன்னு சொல்லிட்டேன். அந்த 5,000-லிருந்துதான் அவர் பேரத்தையே ஆரம்பிச்சார். அப்புறம் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: 'நேர்ல வந்து பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாம்.' டைம்பாஸுக்கு வர்றவங்க இதுலயே காணாமப் போயிடுவாங்க. 'நான் ஸ்டூடன்ட் ப்ரோ, பார்த்துப் பண்ணுங்க'ன்னு ஒருத்தர் கேட்டார். நானும் ஸ்டூடன்ட்தான் ப்ரோன்னேன். அதோட சரி.

பேரமே பேசாதவங்க கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். 'நான் ஆர்மில இருக்கேன், ட்ரான்ஸ்ஃபர் ஆகப்போகுது, கேட்ட விலையே தர்றேன், ஆள் வந்து எடுத்துக்குவான், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க பணம் வந்துடும்'னு சொல்வாங்க. இந்த ஆர்மி கதை நாடு முழுக்க ரொம்ப நாளா ஓடுற ஏமாத்து வேலை. யு.பி.ஐ.ல பணம் வாங்க ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே உங்க பணம் வெளியே போகப்போகுதுன்னு அர்த்தம். தனிநபர்கள் ஒருத்தருக்கொருத்தர் அனுப்புற கலெக்ட் ரிக்வெஸ்ட்டை என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1-லிருந்து நிறுத்திடுச்சு. ஆனா க்யூ.ஆர். கோடும் போலி ஸ்க்ரீன்ஷாட்டும் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. அதனால வாங்குறவர் போனைப் பார்க்காதீங்க, எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பாதீங்க. உங்க பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸ் ஏறிடுச்சான்னு பார்த்துட்டுப் பொருளைக் கொடுங்க. மாட்டிக்கிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

இது ரெண்டும் சுலபம். நான் சொல்ல வந்தது மூணாவது ஆளைப் பத்தி.

திருப்பூர்லேருந்து ஒரு அண்ணன் வந்தார். கல்யாண வேலைக்கு உதவிக்குப் போறவர், இப்பதான் தனியா ஆர்டர் பிடிக்க ஆரம்பிச்சிருந்தார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல சந்திச்சோம். அவர் கேமரா அன்னைக்கு வேற ஒரு வேலைல இருந்தது, என்னோடதை நான் ஏற்கெனவே வித்துட்டேன். அதனால மாட்டிப் பார்க்க வழியில்ல. டார்ச் அடிச்சு கண்ணாடியில பூஞ்சை இருக்கான்னு பார்த்தார், இல்ல. 5,000 கொடுத்துட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி போன். 'தம்பி, எஃப்.இ.இ.ன்னு என்னமோ மின்னுது.' அபர்ச்சர் வளையத்தை 22-ல வச்சு லாக் பண்ணுங்கன்னு சொன்னேன், சரியாயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை. பத்து நிமிஷத்துல மறுபடியும் போன். 'ஃபோகஸ் ஆகவே மாட்டேங்குது. கெட்டுப்போன லென்ஸைத் தலைல கட்டிட்டியே.'

லென்ஸ் கெடல. இந்த லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது. கேமராவுக்குள்ள இருக்கிற மோட்டார்தான் ஒரு சின்ன ஸ்க்ரூ வழியா லென்ஸைத் திருப்பும். டி7000, டி7200, டி7500-ல அந்த மோட்டார் உண்டு. டி3500, டி5600-ல இல்ல. அவர்கிட்ட இருந்தது டி5600. கையால திருப்பி ஃபோகஸ் பண்ணலாம்தான், ஆனா தாலி கட்டுற நேரத்துல யாரும் அதைப் பண்ணிக்கிட்டிருக்க முடியாது.

ரூம்ல எல்லாரும் என் பக்கம். 'வித்த பொருளை எவன்டா திரும்ப வாங்குவான்? ப்ளாக் பண்ணு.' நானும் கோபமா ஒரு நீளமான மெசேஜ் டைப் பண்ணினேன். அவர் கேட்டிருக்கணும், கேமராவைக் கொண்டு வந்திருக்கணும், என் தப்பு என்னன்னு. அனுப்பறதுக்கு முன்னாடி, ஆதாரம் தேடுறதுக்காகப் பழைய சாட்டை மேல தள்ளிப் பார்த்தேன்.

அவர் எழுதியிருந்தார்: 'என்கிட்ட டி5600 தம்பி, செட் ஆகுமா?' அதுக்கு நான் போட்ட பதில், ஒரு கட்டை விரல் எமோஜி. விளம்பரத்துலயும் 'ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ், எல்லா நிக்கானுக்கும் செட் ஆகும்'னு நானே எழுதியிருக்கேன். வேணும்னே பண்ணலன்னு சொல்லிக்கலாம். ஆனா மோட்டார் விஷயம் எனக்குத் தெரியும். அவர் கேள்வியை அரைகுறையா படிச்சுட்டு, காசு வரப்போற அவசரத்துல தட்டிவிட்டேன். அதான் நடந்தது.

1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்துல 15-ஆவது பிரிவு இதைத்தான் பேசுது: விவரிச்சு வித்தா, பொருள் அந்த விவரத்தோட ஒத்துப்போகணும். (ஹெல்ப்லைன் நம்பரும் 1930, சட்டமும் 1930. மறக்காது.) இதுக்காக ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போகப்போறதில்ல, ஆனா டைப் பண்ணின மெசேஜை அழிச்சுட்டேன்.

காசு பாதி ஏற்கெனவே சென்சாரா மாறிடுச்சு. அவருக்கு போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். 'அண்ணா, தப்பு என் மேலதான். இப்ப 2,500 அனுப்பறேன், மிச்சம் பத்து நாள்ல.' கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், 'மிச்சம் வந்ததும் லென்ஸைக் கொடுக்கறேன், சரியா?' ன்னார். நியாயம்தான். பத்து நாளும் மெஸ் சாப்பாடு மட்டும்தான், டீக்கடை பக்கம் போகல.

லென்ஸ் கைக்கு வந்ததும் அதோட சீரியல் நம்பரைப் பழைய போட்டோவோட ஒப்பிட்டுப் பார்த்தேன். இது அவர் மேல சந்தேகத்துல இல்ல. வேற லென்ஸை மாத்திக் கொடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க. விற்கறதுக்கு முன்னாடியே நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோவும், பொருள் ஓடுற மாதிரி ஒரு வீடியோவும் எடுத்து வச்சுக்கோங்க. கேமராவை முதல்ல வித்ததால என்னால அந்த வீடியோ எடுக்க முடியல. பாடி, லென்ஸ்னு சேர்ந்து வேலை செய்ற பொருளா இருந்தா, சோதிச்சுக் காட்ட உதவுறதைக் கடைசியா வில்லுங்க.

அடுத்த விளம்பரத்துல முதல் வரியே 'டி5600, டி3500-ல ஆட்டோ ஃபோகஸ் ஆகாது'ன்னு போட்டேன். மெசேஜ் ரொம்பக் குறைஞ்சுடுச்சு. டி7200 வச்சிருந்த ஒருத்தர் மாட்டிப் பார்த்து 4,500-க்கு வாங்கினார், அதுக்கப்புறம் ஒரு போன் கூட இல்ல.

போன வாரம் திருப்பூர் அண்ணன்கிட்டேருந்து ஒரு போட்டோ. யாரோ விக்கிற 35 எம்.எம். லென்ஸ். 'இது என் கேமராவுக்கு ஓடுமா தம்பி?' பெரிசு பண்ணிப் பார்த்தேன், 'ஏ.எஃப்.-எஸ்.'னு எழுதியிருந்தது. 'உள்ளேயே மோட்டார் இருக்குண்ணா, ஓடும். ஆனா உங்க கேமராவைக் கையோட எடுத்துட்டுப் போங்க'ன்னு முழுசா டைப் பண்ணி அனுப்பினேன்.