கோடை வகுப்புக்குப் பணம் கட்டினால்தான் ஆக்ஸ்ஃபோர்டா?

கேள்வி: மகள் லண்டனில் பன்னிரண்டாம் ஆண்டு முடிக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். தெரிந்த குடும்பம் ஒன்று பெரிய தொகை கட்டி, ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றுக்குள்ளேயே நடக்கும் இரண்டு வாரக் கோடை வகுப்பில் மகனைச் சேர்த்திருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் ஆகிவிட்டது. வயலினில் எட்டாம் கிரேடு. இவை போதுமா? இந்த ஆறு வாரக் கோடை விடுமுறையில் வேறு என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ஹாரோ

பதில்: முதலில் பணக் கவலையை விடுங்கள், அம்மா. கோடையில் கல்லூரி அறைகள் காலியாகக் கிடக்கும். அவற்றை வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் வகுப்பு நடத்துகின்றன. கட்டடம்தான் கல்லூரியுடையது, வகுப்பு அல்ல. அதில் சேர்ந்ததற்காகச் சேர்க்கையில் எந்தச் சலுகையும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு தானே நடத்தும் ‘யூனிக்’ கோடைப் பள்ளி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசம். ஆனால் அதற்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் இளையவர் இருந்தால் இப்போதே குறித்து வையுங்கள்.

அடுத்தது அரங்கேற்றமும் வயலினும். பல திறமைகளைக் காட்டினால் இடம் கிடைத்துவிடும் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பாடத்துக்கு வெளியே பிள்ளை செய்ததையும் எடைபோடுவதால் வந்த எண்ணமாக இருக்கலாம். இங்கே வழக்கம் வேறு. நாளை உங்கள் மகளுக்குப் பாடம் நடத்தப்போகிறவர்களே அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ‘டியூட்டோரியல்’ என்று ஒரு முறை உண்டு: இரண்டு மூன்று மாணவர்கள் ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து, தாங்கள் எழுதியதைப் பற்றி விவாதிப்பது. கேம்பிரிட்ஜில் அதற்கு ‘சூப்பர்விஷன்’ என்று பெயர். வாராவாரம் இந்தப் பெண்ணோடு பேசினால் பாடம் முன்னே நகருமா என்றுதான் அந்த ஆசிரியர் பார்க்கிறார்.

டிசம்பரில் நடக்கும் நேர்காணல் அதன் முன்னோட்டம். பொறிவண்டும் சிவப்பு, ஸ்ட்ராபெர்ரியும் சிவப்பு, ஏன்? உயிரியல் நேர்காணலுக்கு மாதிரியாக ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. மனப்பாடம் இங்கே உதவாது. பழம் தன்னைத் தின்னச் சொல்லிப் பறவையை அழைக்கிறது, விதை பரவ வேண்டுமே. பொறிவண்டோ தின்னாதே என்று எச்சரிக்கிறது. அதைச் சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் நீர் கசியும். ஒரே நிறம் எப்படி இரண்டு வேலை செய்கிறது என்று வாய்விட்டு யோசிக்கிற பிள்ளையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஆகவே இந்த ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும். உதாரணத்துக்கு அதே பொறிவண்டையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து ரோஜாச் செடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். மகள் ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில், அதே செடியில் இரண்டையும் எண்ணி நோட்டில் எழுதட்டும். வண்டின் இனத்தையும் பார்க்கட்டும். ‘ஹார்லக்வின்’ என்ற ஆசிய இனம் அசுவினியை ஒழிப்பதற்காக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து பரவி 2004-இல் பிரிட்டனில் தென்பட்டது. மற்றப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும்கூட அது தின்கிறது. உள்ளூர் இரண்டு புள்ளி வண்டு குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அசுவினி குறையும் வாரத்தில் எந்த வண்டு தங்குகிறது, எது காணாமல் போகிறது? தன் நோட்டில் இருப்பது நூலகத்தில் படித்ததோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று அவள் உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் “ஏன்?” என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு உயிரியல் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அவள் விளக்கித்தானே ஆக வேண்டும். ஆறு புத்தகங்களின் பெயரை அடுக்குவதைவிட இந்த நோட்டு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு விடுமுறைதான் வேண்டும், பள்ளி திறந்ததும் விண்ணப்ப வேலை வந்துவிடும். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15. ஒரே ஆண்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். எது என்று ஆகஸ்டுக்குள் முடிவு செய்யுங்கள். கேம்பிரிட்ஜில் உயிரியல் ‘இயற்கை அறிவியல்’ என்ற பெரிய படிப்புக்குள் வருகிறது. அதற்கு ‘ஈசாட்’ என்ற நுழைவுத்தேர்வு உண்டு. தேர்வு அக்டோபரில்தான் என்றாலும் பதிவு முன்னதாகவே முடிந்துவிடும், தேதியை இப்போதே பாருங்கள்.

தன்விளக்கக் கட்டுரை, அதாவது விண்ணப்பத்தில் மாணவரே தன்னைப் பற்றி எழுதுவது, 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது: ஏன் இந்தப் பாடம், படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே வேறு என்ன செய்தாய். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. நடனத்துக்கு மூன்றாவது பதிலில் ஓரிரு வரி போதும். அதற்காக நடன வகுப்பை நிறுத்திவிடாதீர்கள், அவள் அதை விரும்பி ஆடினால் அதுவே காரணம்.

முதல் வரைவைச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே பள்ளி உயிரியல் ஆசிரியரிடம் நோட்டோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பள்ளி அனுப்பும் பரிந்துரைக் கடிதத்தில் அவர் சொல்வதும் சேரும். அதோடு, பள்ளிகள் தங்களுக்கென்று வைக்கும் கடைசி நாள் பெரும்பாலும் அக்டோபர் 15-க்கு முன்பே வந்துவிடும்.