மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு: சுவரில் விரல் ஏறட்டும்

மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, மகரகம ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி லயத்துக்கு வந்தால் என்ன நடக்கிறது? பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலிலேயே அழத் தொடங்குகிறார்கள். பாவம், அவள்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது!

அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. அக்குளையும் வெட்டியிருந்தால் தோள் இறுகிப்போகும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் கரிக்கோடு போடுங்கள். தனியாகச் செய்தால் வலிதான் தெரியும். கூட்டாளிமார் பக்கத்தில் நின்று, "அடியே, கங்காணி வாறாரு, சுருக்கா எடுடி!" என்றால் சிரிப்போடு கோடும் கொஞ்சம் உயரும். மார்பைப் பற்றிய பகிடியை மட்டும் நீங்கள் தொடங்காதீர்கள். அவளே சொன்னால் சிரியுங்கள்.

சிரிப்பு நோயைக் குணமாக்காது. கிளினிக் நாள் தவறக்கூடாது. கூடை தூக்குவது எப்போது என்றும் அங்கேயே கேளுங்கள். அதுவரை தண்ணீர்க்குடமும் விறகும் உங்கள் பொறுப்பு.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். தேயிலைக் குச்சி கீறினாலும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் எண்ணெய் பூசிப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.